வாசிப்பின் தடங்கள்

நுழையும்முன்

படித்து முடித்த நூலின் கதையைச் சொல்லுதல் எளிது; அந்நூல் நம்முள் விளைவித்த மாற்றத்தைச் சொல்லுதல் அரிது. நாஞ்சில் நாட்டு வாசகர் ஒருவர் தாம் படித்த நூல்களை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

பிந்தி வந்த தமிழ்

சுந்தர ராமசாமி 1931ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்தார். அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அவருடைய இளமையின் ஒரு பகுதி கோட்டயத்தில் கழிந்தது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்ற அவர், பதினெட்டு வயதையொட்டியே தமிழை எழுதவும் படிக்கவும் கற்றார். இளமையில் உற்ற நோயும் கல்விக்கு இடையூறாயிற்று. எனினும், பிந்திக் கற்றவர் பின்தங்கிவிடவில்லை.

வாசகர் தொகுப்பாசிரியர் ஆதல்

புதுமைப்பித்தனின் சிறுகதைகள் அவரை ஆழமாகப் பாதித்தன. 1948இல் புதுமைப்பித்தன் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப்பின், 1951இல், 'புதுமைப்பித்தன் நினைவு மலர்' சுந்தர ராமசாமியின் முயற்சியால் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. அவருடைய 'முதலும் முடிவும்' என்னும் சிறுகதையும் அம்மலரில் இடம்பெற்றது. 'படித்தேன், சுவைத்தேன்' என்று நில்லாமல், பெற்றதைப் பிறர்க்கு வழங்க முனைந்ததே அவர் வாசிப்பின் சிறப்பு.

மலையாளத்தில் படித்தவற்றையும் அவர் தமிழுக்குக் கொணர்ந்தார். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' ஆகிய நாவல்களை மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பும் ஒருவகை வாசிப்பே. மேலோட்டமாகப் படிப்பவர் கடந்துசெல்லும் சொல்லின்முன் மொழிபெயர்ப்பாளர் நின்றாக வேண்டும்.

கருத்தும் சான்றும்

அவருடைய 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்தது. ஊர்ச் சந்தியில் நின்ற மரம், மனிதரின் போட்டிகளுக்கு இடையே பட்டுப்போவதை அந்நாவல் கூறுகிறது. 'மரம் அழிந்தது' என எழுதுவது கதைச்சுருக்கம். 'எவர்க்கும் தீங்கு செய்யாத மரம் ஏன் பகைப்பொருளாயிற்று? எம் ஊர்ச் சாலையோரத்தில் வெட்டுண்ட மரத்தை எண்ணிப் பார்த்தேன்' என எழுதுவது வாசிப்பு அனுபவம்.

நாவலின் முற்பகுதியில் தாமோதர ஆசான் பழங்கதைகளைச் சுவைபடச் சொல்கிறார். அவர் விலகியபின் சுவை குன்றுகிறது என ஒரு மாணவி கருதலாம். கதைசொல்லி மறைவதே ஊர் மாறியதன் அடையாளம் என அவள் தோழி மறுக்கலாம். நூலின் பக்கங்களைச் சான்றாகக் காட்டினால் இரண்டும் மதிக்கத்தக்க கருத்துகளே. சான்றின்றிப் புகழ்வதும் இகழ்வதும் வாசிப்பாகா.

புகழ்பெற்ற நூலாயினும் தம்மைக் கவராத இடத்தைக் கூற மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. பிடித்த நூலாயினும் அதன் குறையை மறைக்க வேண்டியதுமில்லை. தம் மனத்துக்கு உண்மையாக எழுதப்பட்ட பத்து வரிகள், பிறர் கருத்தைப் பெயர்த்தெழுதிய பத்துப் பக்கங்களினும் மேலானவை.

நூல்வெளி

சுந்தர ராமசாமி (1931–2005): சிறுகதை, நாவல், கவிதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் பங்களித்தவர். 'பசுவய்யா' என்னும் பெயரில் கவிதைகள் எழுதினார். 1988இல் 'காலச்சுவடு' இதழைத் தொடங்கினார். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' அவருடைய மற்றொரு நாவல்.

கற்பவை கற்றபின்

1. அண்மையில் படித்து முடித்த நூலொன்றில் உங்களைக் கவர்ந்த ஓரிடத்தையும், நீங்கள் உடன்படாத ஓரிடத்தையும் சான்றுடன் எழுதுக.
2. ஒரே சிறுகதையை இருவர் படித்து, கருத்து வேறுபடும் இடங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.