நாற்பத்தைந்துக்குப் பின் பொறியாளரின் ஏணி

கேள்வி: 45 வயதைக் கடந்த மென்பொருள் பொறியாளர், மேலாளர் ஆகாமல் தொழில்நுட்பப் பணியிலேயே உயர இயலுமா?

பதில்: இயலும், ஆனால் அது திறமையை மட்டுமன்றி நிறுவனத்தின் அமைப்பையும் பொறுத்தது. இந்திய மென்பொருள் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் ‘பிரமிடு’ முறையில், அதாவது அடித்தட்டில் குறைந்த ஊதியம் பெறும் புதியவர்கள் மிகுந்தும் மேல்தட்டில் சிலரே இருந்தும் இயங்கும் முறையில் கட்டப்பட்டவை என்பதால், ஊதியம் உயர்ந்துகொண்டே செல்லும் மூத்தவருக்கு ஈடான கட்டணத்தை வாடிக்கையாளரிடம் பெற இயலாதபோது, அவர் மேலாண்மைக்குத் தள்ளப்படுகிறார் அல்லது வெளியேற நேர்கிறது. இதற்கு மாற்றாக அமைந்ததே, ஆட்களை நிர்வகிக்காமல் தொழில்நுட்பத் தேர்ச்சியாலேயே உயர்நிலை எய்தும் ‘இரட்டை ஏணி’ முறை. 1960களில் ஐபிஎம் உருவாக்கிய ‘ஃபெல்லோ’ பதவி அதற்குப் பெயர்பெற்ற சான்று. பல இடங்களில் இந்த ஏணி காகிதத்தில் மட்டுமே உள்ளதால், அதில் உண்மையில் எத்தனை பேர் ஏறியுள்ளனர் என்பதைப் பணியில் சேருமுன் கேட்டறிவது நன்று. வயது தொழில்நுட்பப் பணிக்குத் தடையல்ல என்பதற்கும் சான்று உண்டு: யூனிக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன் (பிறப்பு 1943), அறுபதைக் கடந்தபின் கூகுளில் ‘கோ’ நிரல்மொழியின் வடிவமைப்பில் பங்கேற்றார். எனினும் மேதையரின் வரலாறு பொதுவிதி ஆகாது. சட்டப் பாதுகாப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள பணியாளரை வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. இந்தியத் தனியார் துறையில் அதற்கு இணையான சட்டம் இல்லாமையால், வங்கி, காப்பீடு போன்ற ஒரு துறையின் நெளிவுசுளிவுகளை ஆழ்ந்து அறிந்திருப்பதே, புதிய நிரல்மொழி ஒன்றைக் கற்பதைவிட, இங்குள்ள மூத்த பொறியாளருக்கு வலுவான காப்பாகிறது.