வேர் வெளியே வந்தால் தொட்டி போதவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: நான்கு வருடங்களுக்கு முன் வாங்கிய ஊதா நிற டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் எங்கள் மொட்டைமாடியில் நிழல்வலைக்கு அடியில் இருக்கிறது. இப்போது 12 தண்டுகள். பாதியில் இலையே இல்லை. வேர்கள் தொட்டியைத் தாண்டித் தொங்குகின்றன. போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா இதேபோல் அடர்ந்த செடியைத் தண்டு தண்டாகப் பிரித்து, பெரிய தொட்டிகளில் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நட்டார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஏன் அப்படி ஆயிற்று? நான் எப்படிப் பிரிப்பது? இதுவரை ஆர்க்கிட்டைத் தொட்டி மாற்றியதே இல்லை.
- ஒரு வாசகி, கோவை

பதில்: அக்காவின் செடி ஏன் போயிற்று என்று தெரிந்துகொண்டால் உங்கள் செடியை என்ன செய்வது என்பது பாதி விளங்கிவிடும். அவர் செம்பருத்திக்குச் செய்வதை ஆர்க்கிட்டுக்குச் செய்தார். செம்பருத்தியாக இருந்தால் அமோகமாக வந்திருக்கும்.

வேர் தொட்டிக்கு வெளியே வந்துவிட்டால் இடம் போதவில்லை, பெரிய தொட்டி வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டெண்ட்ரோபியம் விஷயத்தில் இது தவறு. காட்டில் இது மரக்கிளையில் வளரும் செடி. மரத்தைப் பற்றிக்கொண்டிருக்குமே தவிர, புல்லுருவிபோல அதன் சாற்றை உறிஞ்சாது. இப்படி வாழ்பவற்றைத் தொற்றுத் தாவரம் என்பார்கள். இருக்க இடம் மட்டும் கேட்கிற குடித்தனக்காரர். அதன் வேர் காற்றில் தொங்குவது இயல்பு. நாம் தொட்டிக்குள் வைத்திருப்பதுதான் அதற்குப் புது ஏற்பாடு.

வேரை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். காய்ந்திருக்கும்போது சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் சற்று நேரத்தில் பச்சையாகிவிடும். மேலே இருப்பது வெலாமன் என்ற உறை, அதாவது இறந்த செல்களால் ஆன பஞ்சுபோன்ற அடுக்கு. மழை பெய்தால் சட்டென்று நீரை உறிஞ்சும். பிறகு காற்றில் உலரும். நனைந்து உலர்ந்து, நனைந்து உலர்ந்து வாழ்வதற்கென்றே அமைந்த வேர் இது. மண்ணுக்குள் புதைத்தால் நனைவது நடக்கும், உலர்வது நடக்காது. செம்மண்ணின் நுண்துளைகளில் நீர் நின்றுவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. அது மூச்சுத் திணறிச் சாகும், பின்னாலேயே பூஞ்சை வரும். தொட்டி பெரிதாக இருந்தால் ஈரம் இன்னும் அதிக நாள் தங்கும். தொழு உரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அக்காவுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பிரபுக்கள் கப்பல் கப்பலாக இறக்கிய வெப்பமண்டல ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் செத்தன. வெப்ப நாட்டுச் செடி என்பதால் புழுக்கம்தான் பிடிக்கும் என்று காற்றே புகாத கண்ணாடி வீடுகளில் அடைத்துவைத்தார்கள். 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் வெப்பத்தைக் குறைத்து, காற்றோட்டம் விட்ட பிறகுதான் செடிகள் பிழைத்தன.

அக்காவின் இரண்டாவது பிழை, ஒற்றைத் தண்டாகப் பிரித்தது. டெண்ட்ரோபியத்தின் தடித்த தண்டு வெறும் காம்பு அல்ல, களஞ்சியம். நீரும் உணவும் அதில் சேமிக்கப்படுகின்றன. தாவரவியலில் இதற்குப் போலிக்குமிழ் என்று பெயர், வெங்காயக் குமிழைப்போலச் சேமித்துவைத்தாலும் உண்மையில் தண்டாகவே இருப்பதால். எல்லாத் தண்டுகளும் அடியில் மட்டத்தண்டால், அதாவது கிடைமட்டமாக ஊர்ந்து வளரும் தண்டால், இணைந்திருக்கின்றன. புதுக் குருத்து வரும்போது பழைய தண்டுகள்தாம் அதற்குச் சோறு போடுகின்றன. பழைய தண்டு சுருங்கி வரி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். தனியாக வெட்டி நட்ட ஒற்றைத் தண்டு தன் கையிருப்பை மட்டும் வைத்துக் குருத்தும் விட வேண்டும், வேரும் விட வேண்டும். தப்பினாலும் பூக்க வருடங்கள் ஆகும்.

அதனால் இலையில்லாத தண்டுகளை வெட்டிவிடலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பச்சையாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும்வரை அது வேலை செய்கிறது; அதன் நுனியில் மறுபடி பூங்கொத்துகூட வரலாம். பழுப்பாகி, காய்ந்து சக்கையாகிவிட்டதை மட்டும் எடுங்கள்.

இப்போது உங்கள் செடி. முதலில் என் யோசனை: முடிந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். 12 தண்டுள்ள புதர் ஒரே சமயத்தில் பல பூங்கொத்துகள் தரும். அதை நாலாக்கினால் ஒரு பூக்காலமாவது கோபித்துக்கொண்டிருக்கும். நடுவில் தண்டுகள் செத்துப் பொக்கையாகியிருந்தால், எடை தாங்காமல் தொட்டி கவிழ்ந்தால், இல்லை தங்கைக்கு ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பிரிக்கலாம்.

தொட்டி மாற்றுவது வேறு விஷயம். அதற்குக் காரணம் வெளியே தொங்கும் வேர் அல்ல, உள்ளே இருக்கும் கலவை. தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு மூன்று வருடங்களில் மக்கிச் சேறுபோலாகி, மண் செய்த அதே கெடுதலைச் செய்யத் தொடங்கும். நான்கு வருடத் தொட்டிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நொறுங்கிக் கூழாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அதிலும் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அல்ல, செடியில். பூ முடிந்து, அடியில் புதுக் குருத்து இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்து, அதன் காலடியில் வேர் முனைகள் மிளகு அளவில் துருத்தத் தொடங்கும் சமயமே சரியானது. வேர் அப்போதுதான் வருவதால் புதுக் கலவையை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஓரிரு வாரம் தாமதித்தால் அதே வேர் நீண்டுவிடும், கை பட்டாலே முனை ஒடியும். அக்கினி நட்சத்திரத்தின்போதும், விடாமல் மழை பெய்கிற ஐப்பசியிலும் செய்யாதீர்கள்.

தேங்காய் மட்டையைக் கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக நறுக்கி, தினமும் தண்ணீர் மாற்றி நாலைந்து நாள் ஊறவையுங்கள். அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் இறங்கட்டும். கூடவே அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுத் துண்டு. கோவைக் காற்றுக்கு மூன்றும் ஏறக்குறையச் சமமாக இருக்கலாம். கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம் என்பதால் மட்டையைக் குறைத்து, கரியையும் ஓட்டையும் கூட்டுங்கள்.

செடியைத் தொட்டியோடு அரை மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். காய்ந்த வேர் ஒடியும், நனைந்த வேர் வளையும். மண்தொட்டியாக இருந்தால் வேர் சுவரோடு ஒட்டியிருக்கும். பிய்க்காதீர்கள். தொட்டியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உடையுங்கள். ஒட்டிய ஓட்டுச் சில்லை வேரோடு அப்படியே புதுத் தொட்டிக்குள் இறக்கிவிடலாம். பழைய கலவையை உதிர்த்துவிட்டு ஒவ்வொரு வேராகத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருப்பது உயிருள்ளது. பிடித்து இழுத்தால் மேலுறை வழுக்கி வந்து உள்ளே நரம்புபோல ஒரு நூல் மட்டும் மிஞ்சினால் செத்தது, வெட்டிவிடுங்கள்.

பிரிப்பதானால் ஒரு பங்குக்கு மூன்று நான்கு தண்டுகளாவது இருக்கட்டும், அதில் ஒரு புதுக் குருத்தோ உறங்கும் முளையோ அவசியம். வெட்டும் கத்தியைத் தீயில் காட்டி ஆறவிடுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மறுபடியும் காட்டுங்கள். இது வீண் ஆசாரமல்ல. சிம்பிடியம் மொசைக் வைரஸ் சாறு வழியாகக் கத்தியில் ஏறிப் பரவும், அதற்கு மருந்தே கிடையாது. வெட்டுவாயில் மட்டும் பட்டைத்தூள் தொட்டுவைக்கலாம். ஈரத்தை உறிஞ்சுவதால் வேரில் படக் கூடாது.

தொட்டியில் வேர்க்கற்றை அடங்கும் அளவுக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பழைய தண்டுகளை விளிம்போடு சாய்த்து, குருத்து நடுவை நோக்கும்படி வையுங்கள்; புதிய தண்டுகள் அந்தப் பக்கமாகத்தான் வரும். குருத்தின் அடி கலவைக்கு மேலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே காற்றில் வளர்ந்த வேர்களை உள்ளே திணிக்காதீர்கள், தொங்கட்டும். பிறகு குச்சி நட்டுத் துணிக்கீற்றால் கட்டுங்கள். கட்டுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செடி ஆடினால் புது வேர்முனை கரியில் உரசித் தேய்ந்துபோகும், மாதக்கணக்கில் ஒட்டாது.

நாலைந்து நாள் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டாம். நிழலில் வைத்து, காலையில் இலைமேல் தெளித்தால் போதும். புது வேர் இரண்டு அங்குலம் ஓடும்வரை உரத்தை மறந்துவிடுங்கள். அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம்.

பரிசாக வரும் ஃபலனாப்சிஸ், அதாவது வண்ணத்துப்பூச்சிபோல் பூக்கும் அகல இலை ஆர்க்கிட், உங்களிடம் இருந்தால் அதைப் பிரிக்கப் போய்விடாதீர்கள். ஒற்றைத் தண்டு ஒரே நுனியில் மேல்நோக்கி வளரும் வகை அது. பங்கு போட அடியில் ஒன்றும் இருக்காது. கலவையை மட்டும் மாற்றுங்கள்.