விஞ்ஞான மூலங்களைக் காண்டல்

மூலம் வேறு, உரை வேறு என்பதைத் தமிழ் கற்பார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உரையாசிரியர் மேற்கோளாகக் காட்டும் நான்கடியை வைத்துக்கொண்டு நூன்முழுதும் கண்டேமென்பாரைப் புலவர் மதியார். ஓரடியின் பாடபேதங் காண்டற்கு ஊரூராய்ச் சுவடி தேடி அலைந்த சாமிநாதையரின் வழியில் வந்தவர் நாம். அங்ஙனமாகவும், விஞ்ஞானத்தைப் பற்றி எழுதப் புகுங்கால் மட்டும் பாடப்புத்தகத்தின் கூற்றோடு அமைந்துவிடுகின்றோம். பண்டை விஞ்ஞானிகள் தம் கையால் எழுதி அச்சிட்ட கட்டுரைகள் பல இன்று காசின்றியும் சட்டவழுவின்றியும் படித்தற்குக் கிடைக்கின்றன என்பதை நம்முள் அறிந்தார் சிலரே.

மூலங் காண்டலால் வரும் பயன் யாதெனின், ஒன்று காட்டுதும். பிராங்க்லின் பெருமழையில் நின்று பட்டம் விட்டாரென்றும், அதன்மேல் இடி வீழ்ந்ததென்றும் சிறு வகுப்பிலேயே படத்துடன் படித்திருக்கின்றோம். 1752ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் எழுதி, இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சான கடிதம் மிகச் சிறியது. பட்டுக் கைக்குட்டையாற் பட்டம் செய்யுமாறும், அதன் உச்சியிற் கூரிய கம்பி பொருத்துமாறும், கயிற்றின் இறுதியிற் பட்டு நாடாவையும் திறவுகோலையும் கட்டுமாறும், நாடா நனையாதபடி வாயிலினுள்ளோ சாளரத்தினுள்ளோ நிற்குமாறும் அதில் உள்ளன. பிலடெல்பியாவில் அச்சோதனை நிறைவேறிற்று என்கின்றார். தாமே விட்டதாக ஒரு சொல்லும் இல்லை. இடி வீழ்ந்ததென்பது அறவே இல்லை. அவரே பட்டம் விட்ட செய்தியை விரித்துக் கூறியது 1767இல் வெளிவந்த பிரீஸ்ட்லியின் மின்சார வரலாறு. அக்கதை பொய்யென்பது எம் கருத்தன்று. யார் கூறியது எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டுமென்பதே.

மேற்கூறிய வெளியீட்டின் பெயர் பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ் என்பது. சொசைட்டியின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க் என்பார் 1665 மார்ச் 6ஆம் நாள் அதனைத் தொடங்கினார், இன்றும் வெளிவருகின்றது. வெண்ணிற ஒளி பல நிறங்களின் கலப்பே என நியூட்டன் அறிவித்தது அதில், 1672இல். இலத்தீன் கல்லாத டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், தம் கண்ணாடி வழியே நீர்த்துளியிற் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றித் தாய்மொழியில் வரைந்த கடிதமும் 1677இல் அதிலேயே ஆங்கிலத்தில் வெளியாயிற்று.

நம் சென்னையும் அத்தொகுதிகளில் இடம் பெற்றுளது. 1823ஆம் ஆண்டுத் தொகுதியில், சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வானியலாளராயிருந்த ஜான் கோல்டிங்காம் எழுதிய, ஒலியின் வேகத்தைப் பற்றிய நெடுங் கட்டுரை ஒன்று உண்டு. ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி சுடுதல் அக்காலத்து வழக்கம். நுங்கம்பாக்கத்து நிலையத்தினின்று கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்று மேல்; பரங்கிமலை ஐந்தரை மைலுக்குச் சற்று மேல். வெடியின் சுடர் கண்ணிற் படுதற்கும் ஒலி செவியிற் படுதற்கும் இடைப்பட்ட காலத்தை எண்ணினர். கோட்டைக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு விநாடி, மலைக்கு இருபத்தாறு. ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரம், காற்று வீசுந் திசை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டனர். வெயிற்காலத்தில் ஒலி விரைந்து செல்லுதல் அப்பட்டியல்களினின்றே புலனாகின்றது. பௌதிக மாணவர் சூத்திரமாக மனனஞ் செய்யும் அவ்வுண்மை, இருநூறாண்டுக்கு முன் நம் பரங்கிமலைப் பீரங்கியால் அளக்கப்பட்டதென்பதைப் படிக்கும்போது எழும் உவகை சொல்லுந்தரத்ததன்று.

ஆயினும், இத்தகைய கட்டுரைகள் இணையத்தில் ஏறிய பின்னும் நெடுங்காலம் விலைக்கே கிடைத்தன. எழுதியோர் மாண்டு நூற்றாண்டு கடந்தும், பதிப்புரிமை முற்றும் நீங்கியும், சந்தா செலுத்தாத கல்லூரியின் மாணவன் ஒரு கட்டுரைக்கு ஒரு விலையென இறுக்க வேண்டியிருந்தது. சென்னையில் அளந்ததைச் சென்னை மாணவன் காண்டற்கும் அதுவே விதி. 2011 ஜூலையில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், ஜேஸ்டோர் என்னும் களஞ்சியத்தினின்று பல இலட்சம் கட்டுரைகளை எடுத்தாரென்று குற்றஞ்சாட்டப்பட்டார். விசாரணை நடைபெறு முன்னரே 2013 ஜனவரியில், தம் இருபத்தாறாம் வயதில், உயிர் நீத்தார். அதே 2011 ஜூலையில் வேறொருவர், டிரான்சாக்ஷன்ஸின் உரிமை கழிந்த கட்டுரைகள் 18,592-ஐ எல்லோர்க்குமென இணையத்தில் இட்டார். செப்டம்பரில் ஜேஸ்டோர், அமெரிக்காவில் 1923க்கு முன்னும் பிற நாடுகளில் 1870க்கு முன்னும் வெளியான ஏறக்குறைய ஐந்திலட்சம் கட்டுரைகளைத் திறந்துவிட்டது. இது முன்னரே எண்ணியிருந்ததென்று அந்நிறுவனத்தார் கூறினர். அக்டோபரில் ராயல் சொசைட்டி, எழுபதாண்டு கடந்த தன் கட்டுரைகள் அனைத்தையும், ஏறக்குறைய அறுபதினாயிரத்தை, இலவசமாக்கியது. கதவு திறந்தது மகிழ்ச்சியே. எனினும், உரிமை கழிந்த பொருளுக்கு அத்துணைக் காலம் பூட்டு இருந்தது முறையோ என்னும் வினா எம் மனத்தினின்று நீங்கவில்லை.

சட்டவழுவின்றி என்றேம், அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். உரிமை கழிந்தது என்பது ஒன்று. உரிமையுடையார் மனமுவந்து அளித்தது என்பது மற்றொன்று. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்தினின்று அறுபதாண்டு பதிப்புரிமை நிற்கும். ஐக்கிய அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு, வெளிவந்த நாளினின்று தொண்ணூற்றைந்தாண்டே கணக்கு. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. ராமன், ஒளிச்சிதறலில் தாம் கண்ட புதுமையை 1928 மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் உரையாக நிகழ்த்தினார். அது கல்கத்தாவிலிருந்து வெளிவந்த இந்தியப் பௌதிக இதழின் இரண்டாந் தொகுதியில் 387ஆம் பக்கம் முதல் அச்சாயிற்று. தொண்ணூற்றைந்தாண்டுக் கணக்கின்படி 2023 இறுதியோடு அமெரிக்காவில் அதன் உரிமை தீர்ந்தது. ராமன் மறைந்தது 1970 நவம்பரில். ஆதலின் இந்நாட்டில் 2030 முடியும்வரை அஃது உரிமைக்குட்பட்டதே. ஆயினும் பெங்களூரில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் அவர்தம் கட்டுரைகளைத் தன் இணையக் களஞ்சியத்தில் யாவரும் படிக்க வைத்துளது. படித்தற்குத் தடையில்லை, மறுபதிப்புச் செய்தற்கு இசைவு பெறுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராதார், கிடைத்ததெல்லாம் பொதுப்பொருளென மயங்குவர். அவ்வாராய்ச்சியில் ராமனுக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றவரென்பதை, மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் இடையே நினைந்து மகிழ்தல் தவறாகாது.

இனித் தேடும் வகை. பழைய கட்டுரைகளின் தலைப்பு சிலபோது ஒரு பத்தி நீளும். அதனை முழுதும் எழுதித் தேடுவதினும் இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் கொண்டு தேடுதல் எளிது. இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது, ஆதலின் நியூட்டனது கடிதத்தின் பிப்ரவரித் தேதியை 1671 என்றும் 1672 என்றும் குறித்திருப்பர், இரண்டினையும் முயல்க. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஆங்கில அச்சில் எஸ் என்னும் எழுத்துப் பலவிடத்தும் எஃப் போலத் தோன்றும். பொறி அதனை எஃப் என்றே படித்துவிடுகின்றது. தேடிய சொல் அகப்படாவிடின் அவ்வாறே பிழைபட எழுதித் தேடுக. புள்ளியில்லா ஓலையில் மெய்யையும் உயிர்மெய்யையும், எகர ஏகாரங்களையும் பிரித்துப் பழகிய நமக்கு இது பெரிதன்று.

வேறு களஞ்சியங்களும் உள. செடிகொடி விலங்குகளைப் பற்றியவற்றிற்குப் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி சிறந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பழைய இதழ்களை அதிற் காணலாம். பிரெஞ்சு அறிந்தார் பாரிஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தை நாடுக. ராமன் 1934இல் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம் தன் நடவடிக்கைத் தொகுதிகளை இலவசமாகவே தருகின்றது. இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுத்தொகுதிகளின் படப்பிரதிகள் உண்டு; தாள் மங்கியவிடத்து ஒன்றற்கு இரண்டு பிரதி ஒப்பிடலாம். வானியற்கு நாசாவின் ஆதரவில் இயங்கும் களஞ்சியம் ஒன்றே போதும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930இல் பத்தொன்பது வயதினராய்க் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறுமீனின் எடைக்கு ஓர் எல்லையுண்டெனக் காட்டி 1931இல் வெளியிட்ட கட்டுரை அங்குளது, இரண்டே பக்கம்.

இவற்றுள் எதிலும் அகப்படாததைக் கல்லூரி நூலகரிடம் கேட்க. இதழின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகிய நான்கையும் ஒரு தாளிற் குறித்துக் கொடுத்தால், அத்தொகுதியுடைய பிறிதொரு நூலகத்திற்கு அவர் எழுதி வினவுதல் கூடும்.