நம்பாடுவான் காட்டிய வாய்மை

திருவிழாக் காண வந்திருக்கும் அடியார் பெருமக்களுக்குப் பாகவதர் ஒருவரின் சரிதத்தை நினைவூட்ட விழைகிறோம். கோயிலுக்கு வரும் வழியில் மட்டுமன்றி, கோயிலினின்று திரும்பும் வழியிலும் அடியவன் எங்ஙனம் நடக்கவேண்டும் என்பதை இச்சரிதம் தெளிவாக உணர்த்துகின்றது.

நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றான திருக்குறுங்குடி, நெல்லைச் சீமையில் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. அங்கு எழுந்தருளியுள்ள நம்பியைத் தன் பாடலால் துதித்து வந்தவர், பாணர் குலத்தில் தோன்றிய நம்பாடுவான். வராக புராணத்தில், வராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்ததாக இவர் வரலாறு அமைந்துள்ளது. இப்பகுதியே கைசிக புராணம் எனப்படும். பராசர பட்டர் இதற்கு வியாக்கியானம் அருளியுள்ளார்.

கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி இரவு. விரதம் பூண்டு, வீணையுடன் நம்பியைப் பாடச் சென்ற பாணரைப் பிரம்மராட்சதன் ஒருவன் பிடித்துக்கொண்டான். பசி மிகுந்த அவன், "உன்னை உண்பேன்" என்றான். நம்பாடுவான் உயிருக்கு அஞ்சவில்லை. "நம்பியைப் பாடி என் விரதத்தை முடித்துக்கொண்டு திரும்பி வருகிறேன். பிறகு என்னை உண்ணலாம்" என்று வேண்டினார். அரக்கன் நம்பவில்லை. ஆகவே நம்பாடுவான் பதினெட்டுச் சபதங்கள் செய்தார்.

அந்தச் சபதங்களை நாம் ஊன்றி நோக்க வேண்டும். "நான் திரும்பி வாராவிடில் இன்ன பாவம் என்னைச் சேர்வதாக" என்று அவர் வரிசையாகக் கூறுகிறார். தானமாகக் கொடுத்த நிலத்தைத் திரும்பப் பறிப்பவன் பாவம். உடன் அமர்ந்து உண்பவனுக்கு ஒருவிதமாகவும் தனக்கு வேறுவிதமாகவும் உணவு படைத்துக்கொள்பவன் பாவம். பெண்ணைக் கொடுப்பதாக வாக்களித்துப் பின் மறுப்பவன் பாவம். உண்டபின் உணவிட்டவனையே நிந்திப்பவன் பாவம். இவை வீட்டிலும் பந்தியிலும் ஊரிலும் அன்றாடம் நேரக்கூடிய பிழைகள். பொய்யின் கொடுமையை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் இத்தகைய அன்றாடப் பிழைகளே. இறுதியில், நாராயணனைப் பிற தெய்வங்களோடு சமமாகக் கருதும் பாவம் சேர்வதாக என்று சபதம் செய்த பின்னரே அரக்கன் அவரை விடுத்தான்.

நம்பாடுவான் இரவெல்லாம் பாடினார், நம்பியின் அருள் பெற்றார், உடனே திரும்பினார். வழியில் ஒரு முதியவர் எதிர்ப்பட்டு, "அவ்வழியில் அரக்கன் இருக்கிறான், வேறு வழியாகச் செல். உயிரைக் காத்துக்கொள்ளச் சொல் தவறினால் குற்றமில்லை" என்று பரிவுடன் உரைத்தார். அம்முதியவர் நம்பியே என்பது பெரியோர் வாக்கு. நம்பாடுவான் இசையவில்லை. உயிரை விடினும் சத்தியத்தை விடேன் என்று கூறி, அரக்கன் இருந்த இடத்திற்கே நடந்தார்.

இவ்விடமே நமக்குப் பாடம். வாய்மையைச் சோதிக்கும் சொல், பகைவர் வாயினின்று வருவது அரிது. நம் நலம் நாடுவோர் வாயினின்றே அது பெரும்பாலும் வருகிறது. "எல்லோரும் செய்வதுதானே", "அவனுக்குத் தெரியவா போகிறது", "கோயில் காரியமாகப் போயிருந்தேன் என்று சொல்லிவிடலாம்" என்பனவெல்லாம் அத்தகைய மாற்று வழிகளே. இறைவனைப் பாடிவிட்டோம், இனி அரக்கனுக்குக் கொடுத்த வாக்கு எதற்கு என்று நம்பாடுவான் எண்ணவில்லை. பக்தியை வாக்குத் தவறுதற்குச் சாக்காக்கவில்லை.

திரும்பி வந்தவரைக் கண்ட அரக்கன் பசியை மறந்தான். அவர் பாடிய பாடலின் பலனைத் தந்து தன்னைக் காக்குமாறு சரணடைந்தான். முற்பிறவியில் அவன் சோமசர்மன் என்னும் அந்தணன். யாகத்தை முறை தவறிச் செய்த குற்றத்தால் அரக்கனானவன். ஏற்ற தொழிலில் பிழை செய்தவன் ஒருவன். கொடுத்த சொல்லைக் காத்தவர் ஒருவர். கைசிகம் என்னும் பண்ணில் பாடியதன் பலனை அவர் அளிக்க, அரக்கன் நற்கதி பெற்றான். ஒருவர் காத்த வாய்மை மற்றொருவரையும் உய்வித்தது.

திருவரங்கத்தில் இன்றும் கைசிக ஏகாதசியன்று இப்புராணம் பெருமாள் திருமுன்பே வாசிக்கப்படுகிறது. திருக்குறுங்குடியில் இது நாடகமாக நடிக்கப்பெறுகிறது. நலிந்திருந்த அந்நாடகம் 1999ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்றது.

அன்பர்களே! திருவிழா முடிந்து நாமும் வீடு திரும்புவோம். அங்கே கைம்மாற்றாக வாங்கிய பணம் காத்திருக்கும்; குறித்த நாளில் முடித்துத் தருவதாக ஒப்பிய வேலை காத்திருக்கும்; பிள்ளைகளுக்குச் சொன்ன சிறு சொல்லும் காத்திருக்கும். கடைக்காரர் கையிலுள்ள தராசும், அலுவலர் கையெழுத்திடும் ஏடும் சத்தியத்தின் இடங்களே. செய்ய இயலாததற்கு வாக்களியாதிருப்போம். அளித்த வாக்கு உண்மையிலேயே இயலாது போயின், அவர் தேடி வருமுன் நாமே சென்று உள்ளதை உரைப்போம். அதற்கும் திரும்பி நடக்கும் துணிவு வேண்டும்.

அத்துணிவை நம்மனைவர்க்கும் குறுங்குடி நம்பி அருள்வானாக!