நின்றாலும் தேயும்: பழைய மோட்டார் வண்டிகளில் மின்கலமும் மசகும்

கொற்கை என்றால் நம் நினைவுக்கு வருவது முத்து. கிரேக்கப் பயணிகள் 'கொல்கோய்' என்று எழுதிவைத்த அந்தப் பாண்டியர் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஒரு சிற்றூராக நிற்கிறது. பகைவர் படையெடுத்து அழித்ததால் கடல் விலகவில்லை. தாமிரவருணி ஆண்டுதோறும் கொண்டுவந்து படியவைத்த வண்டல், ஓசையின்றித் துறையை மூடிவிட்டது. கவனிப்பாரற்றுப் படிகின்ற சிறு படிவு ஒரு பெரிய துறைமுகத்தையே முடக்க வல்லது என்றால், ஒரு மோட்டார் வண்டி எம்மாத்திரம்?

இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. கொற்கைக்கு அருகே ஏரலில் உள்ள எங்கள் பெரியப்பா வீட்டில் 1960-களில் வாங்கிய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் ஒன்று உண்டு. நல்ல நாள், திருமணம் என்றால் மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொட்டகையில் தூங்கும். ஒரு தைப்பொங்கலன்று வண்டியைத் தெருவிலிருந்து வீட்டு வாசலுக்குத் திருப்பும்போது, 'மடக்' என்ற ஓசையோடு முன்சக்கரம் ஒன்று உடலுக்கு அடியில் மடங்கிவிட்டது. நடை வேகத்தில் வந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. ஐந்து நிமிடத்திற்கு முன் அதே வண்டி, குழந்தைகள் உட்பட ஆறு பேரோடு நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, எண்ணெய் இடவேண்டிய ஓரிடத்தில் பல ஆண்டுகளாகக் கிரீஸ் இடப்பட்டு வந்தது தெரிந்தது. அன்போடுதான் இட்டார்கள், அறியாமல் இட்டார்கள். அந்த அறியாமையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணின் பழைய வண்டிகள்

இங்கிலாந்தில் 'விண்டேஜ்' என்ற சொல் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளையே குறிக்கும். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல அமைப்பு பெரிதும் மாறாதிருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இப்பெயர் பெறுகின்றன. அவற்றின் பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அவற்றைப் பயன்படுத்தலாகாது.

இதில் தமிழகத்துக்குப் பெருமைமிக்க பங்குண்டு. 1903-இல் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். பின்னாளில் சென்னையை அடுத்து அமைந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஹெரால்டும், 1972 முதல் கெசலும் வெளிவந்தன. வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரை அறியாதவர் யார்? கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகத்தில் இத்தகைய வண்டிகள் பலவற்றை மாணவர்கள் நேரில் காணலாம்.

இவ்வண்டிகள் ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதே மிகுதி. நிற்கும் வண்டியில் முதலில் இறப்பது மின்கலம். அடுத்து வறள்வது மசகு.

மின்கலம்: உள்ளே நடப்பது என்ன?

1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே கண்ட ஈய-அமில மின்கலமே இன்றளவும் வண்டிகளில் வழங்குகிறது. நேர்த்தகட்டில் ஈய டை ஆக்ஸைடு, எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற ஈயம், இரண்டுக்கும் நடுவே நீர்த்த கந்தக அமிலம். ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12.6 வோல்ட். மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்தால் அந்தச் சல்பேட் கரைந்து அமிலம் மீண்டும் செறிவடைகிறது.

இங்கேதான் நம் கொற்கை வண்டலை நினைவுகூர வேண்டும். புதிதாகப் படிந்த சல்பேட் எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், அது பெரும் படிகங்களாக இறுகித் தகட்டை மூடிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை திரும்பாது. 'பேட்டரி செத்துப்போச்சு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பயன்படுத்தாத மின்கலமும் தானே இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தத் தன்னிறக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும். நம் நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ? குளிர்நாட்டுக் கையேட்டில் காணும் கால அளவை நாம் பாதியாகக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நிலையை அறிய இரு வழிகள் உள. முதலாவது, ஹைட்ராமீட்டர் கொண்டு அமிலத்தின் ஒப்படர்த்தியைப் பார்ப்பது. முழு நிறைவில் ஏறத்தாழ 1.265, பாதி இறக்கத்தில் 1.190 அளவு, முற்றும் இறங்கினால் 1.120 அளவு காட்டும். ஆறு அறைகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றினின்று மிகத் தாழ்ந்திருந்தால் அந்த அறை நோயுற்றது என்று அறிக. இரண்டாவது, வோல்ட்மீட்டர். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 நிறைவு, 12.2 பாதி; 12.0-க்கு வந்துவிட்டால் உடனே மின்னேற்ற வேண்டும்.

நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். தாமிரவருணித் தண்ணீர் குடிப்பதற்கு அமுதம். மின்கலத்துக்கு அதுவும் ஆகாது. அதில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். தகடுகள் மூழ்கும் அளவு ஊற்றினால் போதும், வழிய ஊற்றலாகாது. குறைந்தது நீர்தான், அமிலமன்று. ஆகவே அமிலம் சேர்க்க வேண்டியதில்லை.

கடற்காற்று வீசும் காயல், தூத்துக்குடிப் பகுதிகளில் முனைகளில் வெண்மையும் பசுமையுமாகப் பூக்கும் படிவு விரைந்து சேரும். ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதனால் கழுவி, உலரவிட்டு, கம்பிகளை இறுக்கிய பின் வாசலின் பூசுக. கழுவும் நீர் அறைகளுக்குள் புகாதபடி மூடிகள் இறுகியிருக்கட்டும்.

எச்சரிக்கைகள் மூன்று. ஒன்று: மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். பீடி, தீப்பெட்டி அருகே வரலாகாது. அறையின் சன்னல் திறந்திருக்க வேண்டும். இரண்டு: கழற்றும்போது வண்டியின் உடலோடு இணைந்த 'எர்த்' கம்பியை முதலில் கழற்றுக; மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுக. இல்லையேல் ஸ்பானர் உடலில் பட்டுப் பொறி பறக்கும். மூன்று: பழைய பிரிட்டிஷ் அமைப்பு வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். இக்கால வண்டிகளில் எதிர்முனை. பாராமல் மாற்றி இணைத்தால் மின்கருவிகள் கெடும். போர்க்கால ஜீப்புகளில் 6 வோல்ட் மின்கலமே இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

மசகு: தேய்மானத்தின் பகை

இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று அவற்றைத் தொடவிடாமல் காப்பதே மசகின் பணி. நாள்கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் கீழ்த்தொட்டிக்கு வடிந்துவிடும். கிளப்பிய முதற்சில நொடிகளில் எஞ்சின் ஏறக்குறைய வறண்டே சுழல்கிறது. ஆகவே கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுதல் பெருந்தவறு.

பலர் 'வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்' என்று நிறைவோடு சொல்வர். இது நன்மையினும் தீமையே மிகச் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது. அதில் ஒரு சிறு பகுதி பிஸ்டனைக் கடந்து எண்ணெயோடு கலக்கும். எஞ்சின் நன்கு சூடேறினால் அந்நீர் ஆவியாகிப் போகும். சூடேறாவிடில் எண்ணெயிலேயே தங்கி, அமிலமும் கசடுமாகத் திரளும். அதோடு பழைய வண்டியின் டைனமோ, எஞ்சின் மெல்ல ஓடும்போது மின்னேற்றுவதில்லை. ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரம் திரும்பாமலே வண்டி நிறுத்தப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது நிமிடம் சாலையில் ஓட்டிவருவதே முறை.

எண்ணெயைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். அம்பாசடர், ஹெரால்டு எஞ்சின்களில் கேமின் மேல் தட்டையான டேப்பெட் உராய்ந்து செல்கிறது. அவ்விடத்தைக் காக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் எண்ணெயில் கலந்திருத்தல் நலம். இக்காலக் கார்களின் புகைபோக்கியில் உள்ள வினையூக்கிக்கு அது கேடு என்பதால், புதிய பெட்ரோல் எண்ணெய்கள் பலவற்றில் அதன் அளவைக் குறைத்துவிட்டனர். விலை மிகுந்த புதிய எண்ணெய் பழைய எஞ்சினுக்கும் சிறந்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கியர் பெட்டியிலும் அவ்வாறே: பின் அச்சுக்கென்று செய்த கடும் அழுத்த எண்ணெய்கள் சில, கியர் பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கும்.

டைனமோவின் பின்முனையில் உள்ள சிறு துளையில் சில துளி எஞ்சின் எண்ணெய் விடவேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஆனால் அதிகம் விட்டால் உள்ளே கசிந்து கரித்துண்டுகளைக் கெடுக்கும். இங்கும் அளவே மருந்து.

ஹெரால்டு கற்பித்த பாடம்

இனி அந்த மடங்கிய சக்கரத்துக்கு வருவோம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிப்பகுதியில் திருகு மரை வெட்டப்பட்டிருக்கும். அது 'டிரனியன்' எனப்படும் வெண்கலக் கட்டையினுள் முறுக்கப்பட்டு, ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் அதனுள்ளே சுழலும். தயாரிப்பாளர் கையேடு அங்கே கியர் எண்ணெய் இடுமாறு கூறுகிறது. நெகிழ்ந்து ஓடும் எண்ணெயே மரையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சென்று சேரும். கிரீஸோ இட்ட இடத்திலேயே தங்கி, நாளடைவில் காய்ந்து இறுகும். அதன் பின்னே மழைநீர் புகும். தண்டு துருப்பிடித்து, மரை இறுகி, திருப்பும்போது முறுக்கு முழுதும் மெலிந்த தண்டின்மேல் விழுகிறது. ஒரு நாள் முறிகிறது. இதே அமைப்பைக் கொண்ட லோட்டஸ் எலான் போன்ற அயல்நாட்டு வண்டிகளை வைத்திருப்போரும் இதே கவலையோடுதான் எண்ணெய் இடுகின்றனர்.

அம்பாசடரின் முன்பகுதி நிப்பிள்களுக்குக் கிரீஸ் இட்டுப் பழகிய கை, ஹெரால்டுக்கும் அதையே இட்டது. கை பழுதில்லை, கையேட்டைப் பாராததே பழுது.

செய்முறைச் சுருக்கம்

மாதம் ஒரு முறை: அமில மட்டம், ஒப்படர்த்தி, முனைகளின் தூய்மை, எஞ்சின் எண்ணெயின் அளவும் நிறமும் பார்த்தல். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

ஆண்டுக்கு ஒரு முறை: குறைவாக ஓடியிருந்தாலும் எஞ்சின் எண்ணெயை மாற்றுதல், எல்லா நிப்பிள்களையும் துடைத்துப் புது மசகு இடுதல். துடைக்காமல் இட்டால் மணலையும் சேர்த்தே உள்ளே தள்ளுவோம்.

நெடுங்காலம் நிறுத்தும் முன்: பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது தொலைவு ஓட்டுதல், மின்கலத்தைக் கழற்றி நிழலில் வைத்து, மாதந்தோறும் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் மின்னேற்றுதல். 50 ஆம்பியர்-மணி மின்கலத்துக்கு 5 ஆம்பியர் போதும்.

நண்பர்களே! பெரியப்பாவின் ஹெரால்டு இப்போது புதிய தண்டுகளோடு மீண்டும் ஓடுகிறது. அதன் கையேட்டின் படியெடுத்த தாள் கொட்டகைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. எண்ணெய் இட்ட நாளை அதன்கீழ்க் குறித்துவைப்பது இப்போது என் பொறுப்பு. கொற்கைத் துறையில் படிந்த வண்டலை அன்று யாராலும் தடுக்க முடிந்திருக்காது. நம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குள் படிவதைத் தடுக்க, மாதம் ஒரு மணி நேரமும் ஒரு புட்டி எண்ணெயும் போதும்.