சொன்ன சொல் போய்ச் சேர்ந்ததா?

தபாலில் இட்ட கடிதம் உரியவர் கையில் சேர்ந்ததா என்று கவலைப்படாதவர் இல்லை. ஆனால், கணிப்பொறிக்கு இட்ட கட்டளை உரிய நிரலைச் சேர்ந்ததா என்று கவலைப்படுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் நானும் ஒருவனான வரலாற்றை இங்கே கூற விரும்புகிறேன். நிரல் எழுதி ஆராய்ச்சி செய்யும் நண்பர்களுக்கு அது பயன்படக் கூடும்.

என் பாட்டனார் பிழைப்புத் தேடி மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தமிழர். நான் பிறந்தது அங்கே ஒரு லயத்தில். பள்ளியில் பயின்றதோ பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், அத்தை வீட்டில். ஒன்று மழை கொட்டும் மலை. மற்றொன்று மழைக்கு ஏங்கும் மண். 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம் தமிழர். எவ்வளவு மழை பெய்தால் மலை சரியும் என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. முதுகலை ஆய்வுக்கும் அதையே எடுத்துக்கொண்டேன்.

அதற்காக ஜாவா மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். அது ஒரு மழைக்கணக்குக் கோப்பைப் படித்து, அடுத்தடுத்த மூன்று நாள் மழையைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை குறித்த எல்லையைத் தாண்டிய நாட்களை எண்ணிச் சொல்லும். எந்தக் கோப்பு என்பதை ஒவ்வொரு முறையும் இயக்கும்போது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சோதனைக்கென நான் வைத்திருந்த சித்தூரின் கோடை மாதக் கணக்கை அது எடுத்துக்கொள்ளும்.

நிரலைத் தொகுக்கவும் இயக்கவும் ‘கிரேடில்’ என்னும் கட்டுமானக் கருவியைப் பயன்படுத்தினேன். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய ‘மேக்’ இவ்வினத்துக்கு முன்னோடி. கிரேடிலின் ‘ரன்’ கட்டளையோடு, சிறு கோடும் ‘டி’ எழுத்தும் முன்னிட்டு, 2018 ஆகஸ்டு மாத மூணாற்றுக் கோப்பின் பெயரைத் தட்டினேன். விடை வந்தது: எல்லை தாண்டிய நாள் ஒன்றுமில்லை!

அதை ஆய்வேட்டின் வரைவில் எழுதியும் விட்டேன். இரவில் திரும்பப் படித்தபோது மனம் ஒப்பவில்லை. 2018 ஆகஸ்டு 9 அன்றுதானே 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகைத் திறந்தார்கள்? மலைப்பாதைகள் துண்டிக்கப்பட்டு நாங்கள் லயத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மாதம் அல்லவா அது? நிரல் படித்தது மூணாற்றை அன்று; சித்தூர்க் கோடையை!

பிழை எங்கே?

கிரேடில் தானே ஒரு ஜாவா எந்திரத்துள் இயங்குவது. ‘ரன்’ என்றதும், நம் நிரலுக்கென வேறொரு ஜாவா எந்திரத்தைப் புதிதாக எழுப்புகிறது. ‘டி’ எழுத்தால் நான் கொடுத்த அமைவு முதல் எந்திரத்தைச் சேர்ந்தது. இரண்டாவதற்குத் தானாகப் போகவில்லை. தேக்கடியில் நீர் நிறைந்து நின்றாலும், 1895-இல் மலையைக் குடைந்து வழி செய்திராவிட்டால் அது வைகைக்கு வந்திருக்குமா? இங்கும் அத்தகைய சுரங்கவழி ஒன்று வேண்டும்.

வழிகள் மூன்று

முதல் வழி: கட்டுமானக் குறிப்புக் கோப்பில், ‘ரன்’ பணியின் கீழ் ‘சிஸ்டம் பிராப்பர்ட்டி’ என்று எழுதி, கிரேடிலுக்கு வந்த மதிப்பை அதே பெயரில் நிரலுக்கு அளிப்பது. ‘டி’-க்குப் பதில் ‘பி’ எழுத்தைப் பயன்படுத்தினால் மதிப்பு குறிப்புக் கோப்புக்கு எட்டும். நிரலுக்கு அனுப்ப அப்போதும் இவ்வரி தேவையே.

இரண்டாவது வழி: ‘ஆர்க்ஸ்’ என்ற பகுதியில் எழுதி, நிரல் தொடங்கும்போதே நேராக அதன் கையில் கொடுப்பது. 2018-இல் வெளிவந்த கிரேடில் 4.9 பதிப்பு முதல், இதைக் கட்டளை வரியிலேயே கொடுக்கலாம்.

மூன்றாவது வழி: சூழல் மாறிகள். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு முதல் நிலவும் முறை இது. தாய் இயக்கத்தின் சூழலைச் சேய் இயக்கம் மரபுரிமையாகப் பெறுகிறது. ஆகவே தனி வழி வெட்டாமலே மதிப்பு போய்ச் சேரும். ஆயினும் அது எல்லாச் சேய்களுக்கும் போய்ச் சேரும். நேற்று வைத்த மதிப்பு இன்றும் மறைந்திருந்து கெடுப்பதும் உண்டு.

கிரேடிலிடம் உள்ள பண்புகள் அனைத்தையும் மூட்டையாகக் கட்டி நிரலுக்கு அனுப்பும் குறுக்குவழியும் ஒன்று உண்டு. அதை விலக்குக, கிரேடிலுக்கே உரிய அமைவுகளும் உடன் சென்று குழப்பும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் இடுவதும் ஆகாது. பொதுக் கணிப்பொறியில் இயங்கும் கட்டளைகளைப் பிறரும் பார்க்க இயலும்.

ஆனால், என் பிழையின் வேர் கிரேடில் அன்று. நான் வைத்த சித்தூர்க் கோப்பே. சொல்லாதபோது தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும் நிரல், பிழையை மௌனத்தால் மூடிவிடுகிறது. இப்போது என் நிரல், கோப்பின் பெயர் வராவிட்டால் இயங்க மறுக்கிறது. வந்தால், எக்கோப்பைப் படித்தேன், எவ்வெல்லையைக் கொண்டேன் என்று முதல் வரியில் அச்சிட்ட பின்பே கணக்கிடுகிறது. இவ்விரு திருத்தங்களுக்கும் பத்து வரிகூடத் தேவைப்படவில்லை.

கொடுத்தவன் சொல்வதை மட்டும் நம்பாமல், பெற்றவனையும் கேட்டறிவதே முறை. ‘ஆபத்தில்லை’ என்ற அந்தத் தவறான விடை என் ஏட்டோடு நிற்காமல் லயத்தில் உறங்குவோரின் காதுக்குப் போயிருந்தால்? இதை எண்ணியே, இன்றும் விடையைப் பார்க்குமுன் அந்த முதல் வரியைப் படிக்கிறேன்.