ரிப்போர்ட்டுக்கு அல்ல, நாய்க்கு மருந்து



தம்பி, நீ மலையகத்து நோட்டன் பிரிட்ஜில் மிருக வைத்தியம் பார்க்கப் போகிறாய். என்றாவது ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் உன் மேசைக்கு வரும்: நாயின் மூத்திரத்தில் ஈ.கோலி, மருந்துப் பெயர்களுக்கு நேரே வரிசையாக 'ஆர்' (கிருமி மசியாது), அடியில் இமிபெனெமுக்கு மட்டும் 'எஸ்' (கிருமி அடங்கும்). கை அந்த 'எஸ்'ஸைத்தான் தேடும். முதலில் நாயைப் பார். முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்கிறதா, இரத்தம் போகிறதா? எதுவுமே இல்லையென்றால் கிருமி அங்கே குடியிருக்கிறது, அவ்வளவுதான். துணை விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேசச் சங்கத்தின் 2019 வழிகாட்டி, அறிகுறியில்லாத நாய்க்குப் பொதுவாக மருந்து வேண்டாம் என்கிறது. நீரிழிவு உள்ள நாய்க்கும் அதே பதில்தான். மருந்துக்கு மசியாத கிருமி என்பதால் அது கூடுதல் மூர்க்கமானது என்றில்லை. சும்மா விட்டால், மருந்துக்கு அடங்கும் கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

அறிகுறி இருந்தால், முதல் தடவைக்கு அமொக்ஸிசிலின் 3 முதல் 5 நாள் போதும். அது சிறுநீரில் இரத்தத்தைவிடப் பல மடங்கு சேர்கிறது. 14 நாள் எழுதுவது பழைய பழக்கம். ஆறு மாதத்தில் இரண்டு தடவை வந்துவிட்டால், இன்னும் பலமான மருந்தைத் தேடாதே, காரணத்தைத் தேடு: சிறுநீர்ப்பைக்குள் கல், சொறிக்காக மாதக்கணக்கில் கொடுத்த பிரெட்னிசோலோன், விதை எடுக்காத ஆண் நாயென்றால் புரோஸ்டேட். புரோஸ்டேட்டுக்குள் அமொக்ஸிசிலின் சரியாக இறங்காது. அங்கே என்ரோஃப்ளொக்சசினுக்கு நியாயம் உண்டு. அதற்குப் பதிலாக ஃபார்மசியில் மலிவாகக் கிடைக்கும் சிப்ரொஃப்ளொக்சசினை எழுதாதே. நாயின் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சுவதில்லை.

'தோட்டத்துச் சம்பளத்தில் கல்ச்சருக்கு எங்கே போவது?' என்பார்கள். நியாயமான கேள்வி. முதல் தடவைக்கு நான் அதை வற்புறுத்தமாட்டேன். ஆனால் திரும்பத் திரும்ப வரும் நோய்க்குக் குருட்டாம்போக்கில் போடும் ஊசிகளின் செலவு கல்ச்சரைத் தாண்டிவிடும். மூத்திரத்தைக் கல்ச்சருக்கு அனுப்பும்போது தரையில் விழுந்ததை அள்ளி அனுப்பாதே. வயிற்றின் வழியே ஊசியால் எடு, ஐஸில் வை. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேரட்டும். ரிப்போர்ட்டில் இமிபெனெமுக்கு 'எஸ்' என்று வந்தாலும் கை வைக்காதே: அது ஆஸ்பத்திரியில் மனிதருக்குக் கடைசிக் கையிருப்பு. லயத்து அறையில் பிள்ளைகளோடு படுக்கும் நாயின் கிருமி நாயோடு நிற்பதில்லை.

'காத்திருந்து நாய் செத்துவிட்டால்?' காய்ச்சல், முதுகுவலி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது என்றால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது மூத்திரத்தை எடுத்தவுடனே என்ரோஃப்ளொக்சசினைத் தொடங்கு. ரிப்போர்ட் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.